பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கும் குழாய்

தம்பி,

இந்தக் கடிதத்தை ரயிலில் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும். ரெலிபோனில் சொல்லலாம்தான். ஆனால் ரெலிபோனில் நான் ஒரு கதையைத் தொடங்குவதற்குள் "ஓம் அம்மா, சரி அம்மா, பிறகு எடுக்கிறன் அம்மா" என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

முதலில் ஒன்று. ஹீற்றர் பார்க்கிற ஆளை நீ அனுப்பத் தேவையில்லை. பிளேஸ்டோ வீடு இப்போது சூடாக இருக்கிறது. கீழே மட்டுமல்ல, மேலே உங்கள் அறையும் சூடு. எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இரண்டாவதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான். சுகந்திக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, மூத்தவள் மயூரியை நீ பரமேஸ் மாமி வீட்டில் விடப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நீ எனக்குச் சொல்லவில்லை. உன் அப்பாவின் தங்கச்சி பரமேசே எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாள்.

"மச்சாள், தம்பி கேட்டவனெல்லே, பிள்ளையை நான் பாக்கோணுமாம். எனக்கும் முழங்கால் ஏலாது. ஆனா என்ன செய்யிறது, உங்கட வீடு குளிர்தானே."

நான் "அப்பிடியோ மச்சாள், நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்தேன். வைத்த பிறகு குசினியில் அடுப்பு இருப்பதையே மறந்து நின்றேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. உங்கட வீடு குளிர்தானே என்று அவள் சொல்கிறாள். அந்தக் குளிர் எப்படி வந்தது, எவர் எந்தக் கதிரையில் இருந்துகொண்டு எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதெல்லாம் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவு இருக்கிறது. அவளுக்கு இல்லை. சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள். கேட்டவர்களுக்குத்தான் அது கிடக்கும். உனக்கும் கிடக்கிறது. அதனால்தான் நீ இப்போது வருகிறபோதெல்லாம் சாமானை நடையில் வைத்துவிட்டு, முன்னறைக் கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறாய். படியேறி மேலே போவதேயில்லை. உங்கள் குட்மேய்ஸ் வீட்டிலிருந்து இங்கே கார் ஓடி வர உனக்கு எடுக்கிற நேரம்கூட நீ இங்கே இருப்பதில்லை.

இந்த வீட்டுக் கதையை நான் உனக்கு முறையாகச் சொன்னதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடியவே எழும்பி, அகதிப் பதிவுக்காகக் குரோய்டன் கந்தோருக்குப் போய் வரிசையில் நிற்போம். உன் கையை என் கோட்டுப் பைக்குள் வைத்திருப்பேன். அப்போது நாங்கள் இருந்த வாடகை அறையில் ஹீற்றர் வீட்டுக்காரர் நினைத்தால் சுடும், நினைக்காவிட்டால் சுடாது. சாமிப் படங்களைக் குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்துக் கும்பிட்டேன். அதனால்தான் இந்த வீட்டை வாங்கிய உடனே உன் அப்பா இரண்டு வேலை செய்தார். ஒன்று, புதுப் பொயிலர் பூட்டி எல்லா அறைக்கும் ஹீற்றர் வைத்தார். மற்றது, சாமிக்கு இடம் தேடினார். கிழக்குப் பார்த்து, கதவு உள்ள இடமாக, சனத்தின் கால் படாத இடமாக வேண்டும் என்று நின்றார். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் மேலே குளியலறைக்குப் பக்கத்தில் பொயிலர் பூட்டியிருக்கிற அலுமாரிதான் கிழக்குப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தார். பொயிலருக்குக் கீழே தட்டு அடித்துப் படங்களை வரிசையாக வைத்தார். நடுவில் பிள்ளையார். பிள்ளையாருக்குப் பின்னால் பொயிலருக்குத் தண்ணீர் விடுகிற குழாய்.

பரமேஸ் வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, கக்கூசுக்குப் பக்கத்திலயோ சாமி" என்றாள். இடையில் சுவர் இருக்கிறது என்று உன் அப்பா சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த இடம் நல்ல இடம்தான், தம்பி. எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். திருநீறு ஈரம் பிடிக்காது, நெருப்புப்பெட்டி நமுக்காது. அடுத்த வருடம் பொயிலரைப் பார்க்க வந்த வெள்ளைக்காரன்தான் நெருப்பு விளக்கு இங்கே வைக்கவே கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து சின்னக் கரண்ட் விளக்கு.

ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கி, நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற கிழமையில் உன் அப்பா ஹீற்றர்களில் காற்று எடுப்பார். அது உனக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு அவர் மச்ச மாமிசம் சாப்பிடமாட்டார். விடிய எழும்பித் தலைமுழுகிவிட்டு, பொயிலரை நிறுத்தி எல்லாம் ஆறும்வரை பொறுத்திருப்பார். பிறகு கீழே முன்னறையில் தொடங்குவார். ஹீற்றரின் மேல் மூலையில் இருக்கிற சின்னத் துளையில் அதற்கென்றே உள்ள குட்டித் திறப்பைப் போட்டு மெல்லத் திருப்புவார். நான் பழைய கோப்பையும் துணியுமாகப் பக்கத்தில் நிற்பேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். அது முடிந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். மேலே எல்லாம் முடிந்த பிறகுதான் சாமி அலுமாரி. காற்றுப் போன இடத்துக்குத் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் பொயிலர் நின்றுவிடும் என்பார். கும்பிட்டுப் பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தருவார். குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுப் பூட்டிவிட்டுப் பிள்ளையாரை வாங்கி வைப்பார். தானும் திருநீறு பூசிக்கொண்டு, பொயிலருக்கும் ஒரு பூச்சுப் பூசுவார். "ஹீற்றருக்கு விரதம் பிடிக்கிற ஒரே மனுசன் எங்கட அப்பாதான்" என்று நீ சொன்னாய். அவர் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் குளிக்காமல் அந்த அலுமாரியைத் தொட்டதில்லை. நீயும் தொட்டதில்லை. இந்த வீட்டின் பழக்கம் அது.

அவர் கண்ணை மூடிய வருடம், காற்று எடுக்கிற கிழமையில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நாங்கள் ஒருவரும் ஹீற்றரை நினைக்கவில்லை. நல்ல குளிருக்குள் செத்த வீடு வந்தது. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யும்வரை வீட்டுக்குத் துடக்கு, சாமியைத் தொடக்கூடாது. நான் சாமி அலுமாரியைப் பூட்டி, வெள்ளைத் துணி கட்டினேன். சனம் வருவதும் போவதுமாக வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பொயிலர் நின்றுபோனது.

நீ மேலேயிருந்து இறங்கி வந்து என் காதுக்குள் சொன்னாய். "அம்மா, பிரஷர் இறங்கிப் போச்சு. ரெண்டு நிமிச வேலை. அலுமாரியைத் திறக்கட்டோ?"

"தொடாதை. துடக்கு."

"பிள்ளை இருமுறாள் அம்மா."

"கம்பளியாலை போர்த்து வை."

"அப்ப வெளியாள் ஒருத்தனைக் கூப்பிட்டுத் திறப்பிக்கிறன்."

"மாட்டிறைச்சி திண்டிட்டு வாறவன் என்ர சாமியைத் தூக்கிறதோ?"

அப்போதுதான் பரமேஸ், அப்பாவின் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, முன்னறை முழுக்கக் கேட்கச் சொன்னாள். "அண்ணையின்ர சாம்பல் ஆற முதல் இவைக்குச் சூடு கேக்குதோ?"

சுகந்தி படியில் நின்றாள். மயூரி அப்போது கைக்குழந்தை. சுகந்தி திரும்பி மேலே போனாள். நீ போய்க் கரண்ட் ஹீற்றர் ஒன்று வாங்கி வந்தாய். அதை முன்னறையில் இருந்த பெரியவர்களுக்கு வைத்தோம். பிள்ளையின் அறைக்கு வைக்கவில்லை. முன்னறையில் எவர் வைக்கச் சொன்னது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன், உனக்குத் தெரியும். பிறகு பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினீர்கள். நீ என் சொல்லைத் தட்டவில்லை. அலுமாரியைத் தொடவில்லை. அந்தியேட்டி முடிந்ததும் சாமான்களைக் கட்டிக்கொண்டு குட்மேய்சுக்குத் தனி வீடு போனீர்கள். வாசலில் நின்று, "துடக்குக் கழிஞ்சுது, இனி உங்கட அலுமாரியை நீங்களே பாருங்கோ. நான் தொடமாட்டன்" என்றாய். சொன்னபடியே நடக்கிறாய். கோபத்தை இப்படிப் பத்திரமாக வைத்திருக்கிற குணம் உன் அப்பாவின் பக்கத்தில் இல்லை. அது என்னிடமிருந்து வந்தது. அதனால் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய ஆள் ஒருமுறை வந்தான். தண்ணீர் விட்டுவிட்டுப் பிள்ளையாரைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போனான். மறுபடி அவனை நான் உள்ளே விடவில்லை. அதனால் காற்று எடுக்க ஆளில்லாமல் கீழே முன்னறை ஹீற்றர் அரைச்சூடு, மேலே எல்லாம் பச்சைத் தண்ணீர். மேலே அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு, முன்னறைச் சோபாவில் படுக்கப் பழகிக்கொண்டேன். இதை நான் உனக்குச் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்றால் போர்வையைச் சுருட்டிப் படிக்குக் கீழே வைத்துவிடுவேன். பொயிலர் தொடங்குகிறபோது மேலே குழாய்களுக்குள் களக் களக் என்று ஒரு சத்தம் வரும். உங்கள் அறைப் பக்கமிருந்துதான் கூடுதலாக வரும். தண்ணீரோடு காற்று உருள்கிற சத்தம் அது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மேலே எவரோ நடமாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்புவேன். நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற மாதங்களில் அந்தச் சத்தம் ஒரு துணை. வேறொருவருக்கு இதைச் சொன்னால் கிழவிக்கு மூளை தட்டிவிட்டது என்பார்கள். நீ சொல்லமாட்டாய்.

பரமேசின் ரெலிபோன் வந்த அடுத்த நாள் காலை நான் தலைமுழுகினேன். அப்பாவின் திறப்பு குசினி லாச்சிக்குள் கிடந்தது. கோப்பையும் துணியும் எடுத்துக்கொண்டு நேரே மேலே உங்கள் அறைக்குப் போனேன். குளிர்கிற ஹீற்றர் அதுதானே, அதில் தொடங்குவோம் என்று நினைத்தேன். பொயிலரை நிறுத்தவில்லை. கீழே தொடங்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் வருடக்கணக்காகக் கோப்பை பிடித்தவள் நான், ஆனால் திறப்பு என் கையில் இருந்ததில்லை. ஒரேயடியாகத் திருப்பிவிட்டேன். காற்று சீறியது, சீறியது, நிற்கவேயில்லை. பிறகு கறுப்புத் தண்ணீர் பீறிட்டு, சுவர்த்தாளில் அடித்து, என் சேலையில் அடித்து, கார்ப்பெற்றில் விழுந்தது. பூட்டிவிட்டுக் கட்டிலில் குந்திக்கொண்டு கொஞ்சநேரம் அந்தக் கறையையே பார்த்தேன். துடைக்கத் துடைக்கப் பரந்தது. பிறகுதான் பொயிலரை நிறுத்தி, எல்லாம் ஆறவிட்டு, கீழேயிருந்து முறையாகத் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்று எடுத்தேன். எல்லாம் முடித்துப் பொயிலரைப் போட்டால் சிவப்பு வெளிச்சம் மின்னுகிறது, பொயிலர் பேசவில்லை. முன்னறையில் இருந்த அரைச்சூடும் போனது. அப்போது ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

தண்ணீர் விட வேண்டும் என்று தெரியும். பிள்ளையாரைத் தூக்கவும் தெரியும், குளித்திருந்தேன். ஆனால் பின்னால் எட்டிப் பார்த்து இரண்டு திருகையும் கண்டதும் அப்படியே விட்டுவிட்டேன். எதை முதலில், எந்தப் பக்கம், எவ்வளவு? நீ வேலையில். உனக்கு எடுத்தால் "ஆளை அனுப்புறன்" என்பாய். உன் வீட்டு நம்பரை அமர்த்தினேன். சுகந்தி எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் உன்னை நடுவில் வைக்காமல் கதைத்து எவ்வளவு காலம் என்று உனக்குத் தெரியும்.

"மாமியோ? அவர் வேலைக்குப் போட்டார்."

"தெரியும். உன்னட்டைத்தான் கேக்க எடுத்தனான். உங்கட வீட்டுப் பொயிலருக்குத் தண்ணி விடுறது ஆர்?"

"நான்தான். அவருக்கு நேரமெங்கை. ஏன் மாமி?"

சொன்னேன். காற்று எடுத்ததையும் சொன்னேன், சுவர்த்தாளையும் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. பின்னால் மயூரியின் குரல். "ஆரம்மா?" "அப்பம்மா." "அப்பம்மா வீட்டில ஹீற்றர் இல்லையாம்." "ஆர் சொன்னது?" "டாடி." பிறகு சுகந்தி கதவைச் சாத்துகிற சத்தம்.

"சரி மாமி. பொயிலரில மணிக்கூடு மாதிரி ஒண்டு இருக்கும். முள்ளு எங்கை நிக்குது?"

"சீரோவில."

"சில்வர் நிறத்தில குழாய் ஒண்டு, ரெண்டு பக்கமும் திருகு வைச்சு இருக்கோ?"

"பிள்ளையாருக்குப் பின்னால இருக்கு."

"அப்ப பிள்ளையாரை எடுங்கோ."

"நீ சொல்லி நான் எடுக்கிறதோ?"

"நான் சொல்லேல்லை மாமி. முள்ளுத்தான் சொல்லுது."

எடுத்தேன். பிள்ளையாரை மட்டுமில்லை, எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முழங்காலில் நின்றேன். ஒரு திருகை முழுக்கத் திறக்கச் சொன்னாள், மற்றதை மெல்ல. குழாய்க்குள் தண்ணீர் இரைந்தது.

"பயப்பிடாதையுங்கோ, அது தண்ணி போற சத்தம். முள்ளைப் பாருங்கோ. ஒண்டைக் கொஞ்சம் தாண்ட நிப்பாட்டோணும்."

"பொறு, கண்ணாடி நெத்தியில கிடக்கு." கண்ணாடியை இறக்குவதற்குள் முள் இரண்டைத் தாண்டிவிட்டது. "ஐயோ பிள்ளை, ஏறிட்டுது."

"பூட்டுங்கோ, பூட்டுங்கோ. ரெண்டையும். பூட்டியாச்சோ? ஒண்டுமில்லை. எதாவது ஒரு ஹீற்றரில கொஞ்சம் தண்ணியை வெளிய விடுங்கோ, இறங்கிடும். இப்ப கோப்பையைக் கொண்டு போங்கோ, சுவருக்கு அடிக்காமல்."

அப்படியே செய்தேன். பொயிலரில் ஒரு பொத்தானை அமர்த்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். உள்ளே குப்பென்று பற்றுகிற சத்தம் வந்தது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நான் உங்கள் அறை ஹீற்றரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் அடியில் ஒரு ஓரம் சுட்டது. பிறகு மெல்ல மேலே ஏறியது. "சுடுகுது பிள்ளை" என்றேன். கால் வீங்குகிறதா என்று கேட்டேன். வீங்குகிறது என்றாள். உப்பைக் குறைக்கச் சொன்னேன். பிறகு அவள் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை.

"அண்டைக்கும் இவ்வளவு வேலைதான் மாமி இருந்தது."

அந்தச் சொல்லை நான் மறக்கமாட்டேன். நான் எதையும் மறப்பதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அது அவள் சொல்லியிருக்க வேண்டிய சொல்தான். சொல்வதற்கு இவ்வளவு காலம் பொறுத்திருந்தாள் என்பதையும் நான் மறக்கமாட்டேன். கடைசியில், பிள்ளையை என்னிடம் விடச் சொல்லிக் கேட்டேன். "அவரிட்டைக் கேளுங்கோ மாமி. நான் மறிக்கேல்லை" என்றாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவளைத் தடுத்தேன். அவளோடு போய்ச் சண்டை பிடிக்காதே.

நான் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. துடக்கு என்றால் துடக்குத்தான், அதில் நான் மாறவில்லை. ஆனால் சாமியையும் சூட்டையும் ஒரு பூட்டுக்குள் வைத்தது பிழை. அந்தப் பிழை உன் அப்பாவினது. செத்தவரோடு சண்டை பிடிக்க முடியாது, அதனால் நானே திருத்திவிட்டேன். முன்னறையில் கண்ணாடி அலுமாரி நிற்கிறதல்லவா, நீ கலியாணம் கட்டியபோது வந்த கோப்பைகளும் தட்டுகளும் அடுக்கி, ஒருநாளும் பாவிக்காமல் வைத்திருந்தது? அதுவும் கிழக்குத்தான் பார்க்கிறது. இவ்வளவு காலமும் தேத்தண்ணி குடிக்காத கோப்பைகளுக்குக் கிழக்குப் பார்த்த இடம் கொடுத்திருந்தோம். கோப்பைகளைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை சாமியைக் கீழே இறக்கினேன். படி இறங்குகிறபோது பிள்ளையார் பாரமாக இருந்தார். முதலில் அவரை வைத்து, பிறகு மற்றவர்களை வைத்தேன். மேலே அலுமாரிக்குள் இப்போது பொயிலர் மட்டும் இருக்கிறது. பார்க்க வெறிச்சென்று இருக்கிறது. அலுமாரித் திறப்பைக் கதவிலேயே விட்டிருக்கிறேன்.

ஒன்று எழுத வேண்டும், நீ கோபப்பட்டாலும் எழுதத்தான் வேண்டும். இந்த வீட்டுக்கு அடுத்த துடக்கு என்னால்தான் வரும். அது குளிர்காலத்தில் வந்தால், சாமி இருக்கிற கண்ணாடி அலுமாரிக்குத் துணியைக் கட்டிவிட்டு, நீ மேலே போய்ப் பொயிலரைப் பார். எவரிடமும் கேட்காதே. பரமேஸ் இருந்தால் அவள் ஏதாவது சொல்வாள். சொல்லட்டும். வருகிற சனத்தை நல்ல சூட்டில் இருத்தி எழுப்பு. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களை மேலே அறைக்கு அனுப்பு. இதை நான் சொல்லிவிட்டுப் போனேன் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு.

காற்று எடுத்த பிறகு அந்தக் களக் களக் சத்தம் நின்றுவிட்டது. வீடு சூடாகவும் சத்தமில்லாமலும் இருக்கிறது. இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று இரண்டு தரம் ரேடியோவை நிறுத்திவிட்டு நின்று கேட்டேன். ஒன்றுமில்லை. முள் நேற்றும் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அது மறுபடி இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தமாம், சுகந்தி சொன்னாள். அப்படியானால் ஆளை அனுப்பு, உள்ளே விடுகிறேன். இனி அவன் அங்கே தூக்கித் திருப்பி வைக்க ஒன்றுமில்லை.

மயூரிக்குக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். சுவர்த்தாளில் கறுப்புக் கறை போகவில்லை, அது என்னவென்று கேட்பாள். நீ பதில் சொல்ல வேண்டாம், அப்பம்மா செய்தது என்று நானே சொல்கிறேன். சனிக்கிழமை சுகந்தியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பாடு இங்கே. வந்ததும் நீ மட்டும் மேலே போ. நான் உன் பின்னால் வரமாட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் நில். ஹீற்றரில் கையை வை, மேலேயும் அடியிலேயும் வைத்துப் பார். பிள்ளை படுக்கிற பக்கத்துச் சுவரையும் தொட்டுப் பார். போதாது என்று கண்டால் பரமேசிடமே கொண்டு போய் விடு, நான் முகத்தைத் தூக்கமாட்டேன். போதும் என்று கண்டால் படியில் நின்று ஒரு சொல் சொல்லு. பிள்ளையின் உடுப்புப் பையைக் காரிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா